சில்வெஸ்டரின் குரல் வந்து சேர்ந்த விதம்

1991 நவம்பரில், விவேக் நகர் சில்வெஸ்டரின் குரல் அவன் வாய்க்குப் பின்னால் வர ஆரம்பித்தது. முதலில் கண் இமைக்கும் நேரம்தான். வாய் அசைந்து மூடும், அப்புறம் பேச்சு கேட்கும். குழந்தை யேசு கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் இதைப் பல்வலி மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். சில்வெஸ்டர் கல்யாண வீடியோ எடுக்கிறவன். படமும் சத்தமும் விலகிப்போன கேசட்டுகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் அது ஒட்டிக்கொண்டது என்று பால் பூத்தில் பேசிக்கொண்டார்கள். மனைவி பிரிஜெட் மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். தொண்டையில் கோளாறு இல்லை, குரல் நேரத்துக்குத்தான் புறப்படுகிறது, வழியில் எங்கோ நின்றுவிட்டு வருகிறது என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. குரல் அவன் பேசிய இடத்துக்குத்தான் வரும். அதற்குள் அவன் எழுந்து போயிருந்தால் அவனைத் தேடிக்கொண்டு போகாது.

தொழிலில் அவன் கெட்டிக்காரன். மணப்பெண் அழுகிற காட்சிக்கு ஷெனாய் போட்டால் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை, கெட்டிமேளம் போட்டால் ஆனந்தக் கண்ணீர். ஒன்றும் போடாமல் விட்டால், பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று பார்க்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதே காட்சியின் கீழே ஒரு ரோஜாவும் 'இறைவன் இணைத்த இல்லறம்' என்ற எழுத்தும் ஓடினால் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோகும். அந்த எழுத்தை பிரிஜெட்தான் எழுதித் தருவாள். அவள் கோலார் தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். சில்வெஸ்டர் கார்ப்பரேஷன் கன்னடப் பள்ளி. வீட்டில் இருவருக்கும் தமிழ்தான் பேச்சு, ஆனால் அவன் எழுதினால் அவளால் படிக்க முடியாது, அவள் எழுதினால் அவனால் முடியாது. ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று அதைப் பற்றி இருவரும் யோசித்ததில்லை.

டிசம்பரில், ஆற்றுத் தண்ணீருக்காக ஊர் கலவரப்பட்டபோது, குரல் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் ஈஜிபுராவில் ஒரு தெருமுனையில் ஒரு கூட்டம் சில்வெஸ்டரின் ஸ்கூட்டரை மறித்தது. பேசு என்றார்கள். பேச்சை வைத்து, தமிழனா கன்னடனா என்று ஆளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பயத்தில் வாய் தமிழைத்தான் எடுத்தது. "வுட்ருங்கண்ணா, வீட்ல அவ தனியா இருக்கா" என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாவம் ஊமை, போகட்டும் என்றான் ஒருவன். சில்வெஸ்டர் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த கோவிந்தப்பா ஷட்டரை இறக்க வந்தார். ஐம்பது வயதுக்காரர், கன்னடக்காரர், தமிழர்களோடு பழகித் தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் ஷட்டரில் கை வைத்த நேரத்தில் பக்கத்திலிருந்து சில்வெஸ்டரின் குரல் தமிழில் கெஞ்சியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. கண்ணில் பட்ட ஆளும் காதில் விழுந்த குரலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வது மனித வழக்கம். நான் பேசவில்லை என்று கோவிந்தப்பா கன்னடத்தில் சொன்னதை, பயந்து பாஷையை மாற்றுகிறான் என்று புரிந்துகொண்டார்கள். அவருடைய கடையில் இருந்த பம்பாலேயே அடித்தார்கள். உயிர் தங்கியது. இரண்டு காதும் போய்விட்டது.

சேதி தெரிந்ததும் சில்வெஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே நின்று வாய்விட்டு அழுதான். அழுகைச் சத்தம் ஒரு மணி நேரம் கழித்து, அவன் போன பிறகு, காது கேட்காத மனிதரின் கட்டிலருகே தனியாக அழுதது. மறுநாள் ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டு போய், 'அது என் குரல்' என்று கன்னடத்தில் எழுதிக் காட்டினான். கோவிந்தப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு எச்சில் தொட்டு அழித்துவிட்டு, 'டீ வாங்கிட்டு வா' என்று எழுதினார். அதன்பின் சில்வெஸ்டருக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகம் அவர்தான். அவருக்கு யாருடைய வாயும் சத்தமில்லாமல்தான் அசைந்தது. அவர் முன்னால் மட்டும் சில்வெஸ்டர் மற்ற மனிதர்களைப் போல இருந்தான்.

தொழில் மறு வருஷமே முடிந்தது. ஒரு சமுதாயக் கூடத்தில் மணப்பெண்ணிடம், "கொஞ்சம் சிரிம்மா, இன்னும் கொஞ்சம்" என்று அவன் சொன்னது, மறுநாள் அதே இடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், பையனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்குக் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், எதிரே யாரும் இல்லை. சொன்னது செத்துப்போன மகன்தான் என்று நினைத்து அவள் சிரிக்க முயன்றதாகச் சொல்கிறார்கள். அவளுடைய தம்பிகள் சில்வெஸ்டரைத் தேடி வந்தார்கள். கேமராவை விற்றுவிட்டு அவன் ஒரு லேபில் படம் கழுவும் வேலைக்குப் போனான். இருட்டு அறை. பேச வேண்டியதில்லை.

வீட்டில் சிலேட்டுதான் ஓடியது. அவன் கன்னடத்தில் எழுதுவான், சாயங்காலம் வரும் கோவிந்தப்பா அதைப் பார்த்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்வார். காது போனதால் தன் சத்தம் தனக்கே தெரியாமல், பஸ் கண்டக்டர் மாதிரி கத்திச் சொல்வார். அரிசி தீர்ந்தது, வாடகை கேட்டார்கள் என்கிறவரை சரியாக இருந்தது. ஒருநாள் சில்வெஸ்டர் நாலு வரி எழுதினான். கோவிந்தப்பா தயங்கிவிட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி படித்தார்: "பிரிஜி, நீ ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறே. என் மேல கோவமா?"

பிரிஜெட் அடுப்பை அணைத்தாள். "என் புருஷன் என்கிட்ட கேக்கறத வேற ஆம்பள வாயால நான் கேக்க மாட்டேன். அண்ணனுக்கு இனிமே இந்தச் சிரமம் வேணாம்" என்றாள். கோவிந்தப்பாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் முகம் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் வாசலோடு சில்வெஸ்டரைப் பார்த்துவிட்டுப் போனார். 1997இல் தூக்கத்தில் இறந்தார்.

குரல் வரவர நீண்ட தூரத்திலிருந்து வந்தது. ஒரு நாள் பின்தங்கியது ஒரு மாதம் ஆயிற்று, ஒரு மாதம் ஒரு வருஷம் ஆயிற்று. பிரிஜெட்டின் அப்பா தங்கவயலில் இறந்துவிட்டார் என்ற தந்தி வந்த காலையில், போன வருஷம் எதற்கோ சில்வெஸ்டர் சிரித்த சிரிப்பு சமையலறையில் கேட்டது. எதிரே சில்வெஸ்டர் கண்ணில் நீர் வழிய அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அது பழைய சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பார்த்த கண்ணை விட்டுவிட்டுக் கேட்ட காதை நம்பினாள். அவன் கையைத் தட்டிவிட்டு பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது மனசு ஆறியிருந்தது. ஆனால் அதை அவனிடம் சொல்லாமலே விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால் அவனுக்கு உடனே கேட்டிருக்கும். அவன் காதில் கோளாறு எதுவும் இல்லை.

கன்னட எழுத்தைப் படித்துவிடலாம் என்று பிரிஜெட் முயன்றாள். கான்வென்ட் ஹாஸ்டல் சமையல் வேலை முடிந்து வந்து, டிபன் கேரியர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கூட்டெழுத்துகளோடு கண் எரிய உட்கார்ந்திருப்பாள். பெயர்ப்பலகை படிக்கிற அளவுக்கு அவள் தேறிய வருஷத்தில் சில்வெஸ்டருக்குக் கை நடுக்கம் வந்தது. லேபின் மருந்துத் தண்ணீர் நரம்பில் இறங்கிவிட்டது என்றார்கள். சிலேட்டில் அவன் எழுதியது மழையில் நனைந்த எறும்பு வரிசை போல இருந்தது. அவள் அதை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் திருப்பிப் பார்ப்பாள், "புரிலீங்க" என்பாள். அவன் சிலேட்டை வாங்கி வைத்துவிடுவான்.

2000 மார்ச்சில் படுத்தான். நுரையீரலில் தண்ணீர். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஜன்னலோரம் கட்டில் போட்டாள். கடைசி மத்தியானம் அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து உதட்டை அசைத்தான். மெல்ல, இரண்டு முறை. கையைத் தூக்கி முகத்தின் மேல் அசைத்தான். அவள் தலையசைத்து, தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டு, அவன் தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினாள். சாயங்காலம் கஞ்சியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அப்போது குரல் ஆறு வருஷம் பின்தங்கியிருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எதிரிலேயே, தண்ணி வந்துச்சா என்று 1994 கேட்டது. பிரிஜெட் வீட்டை மாற்ற மறுத்தாள். வீட்டுக்காரர் ஆதிகேசவன் நல்லவர், வாடகையை ஏற்றாமல் இருந்தார். குரல் எப்போதாவதுதான் வந்தது: வருஷக் கடைசியில் ஒரு வாக்கியம், மழைக்காலத்தில் ஒன்றிரண்டு இருமல். சில்வெஸ்டர் வரவரக் குறைவாகப் பேசியிருந்தான். ஒரு தவக்காலத்தில், "பிரிஜி, இந்தக் கலர் உனக்கு நல்லாருக்கு" என்று வந்தது. எந்தப் புடவையென்று அவளுக்குத் தெரியவில்லை. பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள்.

2004இல் ஆதிகேசவன் இறந்தார். மகன்கள் நிலத்தை பில்டருக்குக் கொடுத்தார்கள். பிரிஜெட் ஈஜிபுராவில் ஒரே அறை வீட்டுக்குப் போனாள். சந்தில் நாலு மாடி எழுந்தது. அவள் வீடு இருந்த தரைமட்டம் கார் நிறுத்தும் இடமாயிற்று. கட்டில் கிடந்த மூலை இரண்டு தூண்களுக்கு நடுவே ஏழாம் நம்பர். அங்கே எப்போதாவது ஓர் ஆள் பேசுவார், பயப்பட வேண்டாம் என்று அடுக்ககச் சங்கத்தார் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் மோட்டார் நேரத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். யாரும் பயப்படவில்லை. மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். அவர்களே ராத்திரியெல்லாம் வேறு தேசத்து ஆட்களோடு காதில் ஒயர் மாட்டிப் பேசுகிறவர்கள்.

பிரிஜெட் ஞாயிறு பூசை முடிந்து வந்து தூணருகே நிற்பாள். மற்ற நாட்களுக்கு வாட்ச்மேன் தினேஷிடம் சொல்லி வைத்திருந்தாள். தினேஷ் பீகார்க்காரர், தமிழ் தெரியாது. எது கேட்டாலும் சத்தத்தை அப்படியே வாயில் பிடித்து வைத்து அவளிடம் சொல்லப் பார்ப்பார். அர்த்தம் தெரியாத பாஷையில் பாட்டுப் பாடுவதுபோல் இருக்கும்.

2006 மார்ச்சில் அவள் தினமும் வந்தாள். ஹாஸ்டலில் லீவு சொல்லிவிட்டாள். அந்த உதட்டசைவை அவள் மறக்கவில்லை. மன்னிச்சிடு என்றிருப்பானோ, கோவிந்தப்பாவைப் பற்றியோ, உன்னை விட்டுட்டுப் போறேன் என்றோ. ஒவ்வொன்றாகத் தன் வாயில் வைத்துக் கண்ணாடியில் பொருத்திப் பார்த்திருந்தாள். எல்லாமே கொஞ்சம் பொருந்தின. அவன் இறந்து சரியாக ஆறு வருஷம் முடிந்த அன்றைக்கு ஓசூர் ரோட்டில் மேம்பால வேலை. பஸ் நகரவில்லை. வந்து சேரும்போது இரண்டரை ஆகிவிட்டது.

தினேஷ் வாசலுக்கே வந்தார். "அம்மா, இன்னைக்குப் பேச்சு வந்துச்சு. எனக்கே புரிஞ்சுது" என்றார் தன் உடைந்த கன்னடத்தில்.

"என்ன சொன்னாரு?"

"ஃபேன். ஃபேன் கம்மி. ரெண்டு தடவ." பிறகு தோளைக் குறுக்கி, குரலைத் தாழ்த்தி, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "கு-ளி-ரு-து பிரிஜி."

பிரிஜெட் ஏழாம் நம்பருக்குப் போனாள். தினேஷ் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேர்க்குதுன்னு சொல்றார்னு நெனச்சேன்" என்றாள் தமிழில். "கைய இப்டி இப்டி ஆட்டினாரு. நான் ஃபேன அஞ்சுல வெச்சுட்டுப் போய்ட்டேன்."

தினேஷுக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

கார் ஒன்று உள்ளே வந்து அவர்களுக்கு முன்னால் நின்றது. ஏழாம் நம்பர்க்காரன், மீசை அரும்பிய சுனில். ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தான். பிறகு கண்ணாடியை இறக்கி, "பேசி முடிச்சாரா ஆண்ட்டி?" என்று கேட்டான்.

"முடிஞ்சுதுப்பா" என்றாள் பிரிஜெட். நாற்காலியைத் தூக்கித் தூணோரம் வைத்தாள். "வண்டிய வுடு."

சுனில் பின்னால் பார்த்தபடி மெதுவாக ஓட்டிவந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே காரை நிறுத்தினான்.