முன்னால் இருந்தவள்

பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்தபோது அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். இறந்து போன லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. அவர்களுடைய ஒரே மகள். அவனுக்கு நேர் மூத்தவளும், எந்தச் செய்தியும் தங்காததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவளுமான அக்கா. அவள் கணவரான பல் டாக்டர். படகுக் கிளப்பில் எப்போதும் மீட்புக் கயிற்றோடு கரையில் நிற்பதால் 'கயிறு' என்றே ஆகிவிட்டவர். இவர்கள் எல்லோருக்கும் மூத்தவரான, இறந்தவனின் அண்ணன், பெரியவர். மற்றவர்கள் பிறகு வந்தவர்கள். அவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

"மாப்பிள்ளை, அது கதவு நிலை. நாற்காலியை இடிக்காதீங்க" என்றார் பெரியவர், பல் டாக்டரிடம்.

"இடிக்கலை மச்சான்."

"இடிச்சாச்சு."

பெரியவருக்குக் காலையிலிருந்தே எதுவும் சரியாக நடக்கவில்லை. நாற்காலிகள் ஒன்று குறைவாக வந்தன. தேநீரில் யாரோ சர்க்கரையைக் கொட்டியிருந்தார்கள். வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்த, தம்பி நேற்று கடைசியாக ஏறிய குட்டையான சிவப்புப் படகை வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து, தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"அண்ணா, தம்பி பொண்டாட்டி படகுல எந்திரிச்சு நின்னாளாமே?" என்றாள் ரேடியோ, குரலைத் தாழ்த்திக்கொண்டதாக நினைத்து.

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? ஆளைக் காட்டு."

"நீங்கதானே நேத்து போன்ல சொன்னீங்க, அவளுக்குத் துடுப்பை எந்தப் பக்கம் போடறதுன்னே தெரியாதுன்னு?"

"நின்னான்னு சொன்னேனா?"

"பக்கமே தெரியாதவ நிக்க மாட்டாளா?"

பல் டாக்டர் தன் பங்குக்குத் தொண்டையைச் செருமினார். "படகே தப்பு மச்சான். நல்லா நீளமா, கப்பல் மாதிரி பழசு ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டு இந்தத் தொட்டிலை வாங்கச் சொன்னதே தங்கச்சிதானாம்."

"நீங்க படகுல ஏறியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப பல்லோட நில்லுங்க."

பெரியவரை எரித்தது அவர்கள் பேச்சு அல்ல. ஒவ்வொரு சொல்லும் தன் வாயிலிருந்து போய், கை கால் முளைத்துத் தன்னிடமே திரும்பி வருவதுதான்.

முந்தின நாள் மதியம் தம்பி மனைவி ஆற்றங்கரையிலிருந்து கூப்பிட்டு, "அவர் போயிட்டார் மாமா" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. ஆறு என்றால் மூழ்கித்தானே போயிருப்பான்? பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. படகு கவிழ்ந்து மூழ்கிவிட்டான் என்று பதினொரு பேருக்குப் போன் செய்தார். போன வருஷம் கரையில் நின்று அவரே பார்த்திருக்கிறார்: மூடியில்லாத திறந்த படகில் இருவரும் முட்டி போட்டு, அவள் முன்னால், அவன் பின்னால். இடது பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று உடம்பை முறுக்கி, பிடித்த கையைக்கூட மாற்றாமல் துடுப்பை வலது பக்கம் வீசினாள். தடுமாறுகிறாள் என்று நினைத்து அன்றைக்கே சிரித்தார். நேற்று அதையும் சேர்த்துப் பதினொரு பேரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டில் மாரடைப்பு என்று இருந்தது. வேறு எதுவும் தோன்றாவிட்டால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதாக அந்தக் குடும்பத்தில் சரித்திரம் இல்லை.

மகள் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாய் அந்தப் பக்கம். காலையில் வந்து இறங்கியவள் தாயின் அருகில் போகவே இல்லை. தாய் தண்ணீர் கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்மா?" என்றார் பெரியவர்.

"என்ன பேசணும் பெரியப்பா? நடந்ததைத்தான் நீங்களே சொல்லிட்டீங்களே."

அவள் குரலில் குத்தல் இல்லை. அவர் சொன்னதை நம்பியிருந்தாள், அவ்வளவுதான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இன்றைக்குள் இவளை நகர்த்தாவிட்டால் பிறகு யாராலும் நகர்த்த முடியாது. அவளுக்கும் இந்தக் குடும்பத்து வளையாத முதுகெலும்புதான்.

அவர் வாசலுக்குப் போனார். படகின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டுக்கொண்டிருந்தார் கயிறு.

"இதைக் காலையிலேயே செய்யக் கூடாதா?"

"இப்பதான் போர்வை குடுத்தாங்க சார்."

"நேத்து கரையில நின்னது நீதானே? அவ என்ன தப்பு பண்ணினா, நேராச் சொல்லு. எங்கிட்ட மழுப்ப வேண்டாம்."

கயிறு அவரை விளங்காமல் பார்த்தார். "தப்பா? யாரு பண்ணினா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆத்தோட மேல் வளைவுலயே அவர் முடிஞ்சிட்டார் சார். முட்டி ரெண்டும் பட்டைக்குள்ள மாட்டியிருந்துச்சு, அதனால விழலை. படகு மிதக்க நடுவுல வச்சிருக்கிற காத்துப்பை மேல அப்படியே சாஞ்சுட்டார். பின்னாலிருந்து திசை காட்ட ஆள் இல்ல. கீழே நேரா பாறை. அவங்க முன்னால இருந்தாங்க, திரும்பிப் பாக்க நேரமே இல்ல."

"அப்புறம்?"

"அவர் சும்மா உக்காந்திருக்கார்னு நினைச்சுத் திட்டிக்கிட்டே வந்தாங்க. 'பின்னாடி என்ன தூக்கமா? துடுப்பைப் போடுங்க, எல்லாத்தையும் நானே பண்ணணுமா?' கரை வரைக்கும் கேட்டுச்சு."

பெரியவர் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"இடது பக்கத் துடுப்பை வலது பக்கம் வீசி, தண்ணியைத் தன் பக்கம் இழுத்தாங்க. படகோட மூக்கு திரும்பிடுச்சு."

"கையை மாத்தாமயா?"

"மாத்தினா அதுக்குள்ள பாறை வந்துடும் சார். அதுதான் முறையே. அப்பவும் பாறையில உரசுச்சு. பயந்தவங்க பாறையை விட்டு இந்தப் பக்கம் சாய்வாங்க, உடனே தண்ணி ஏறிப் புரட்டிடும். அவங்க பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அது மேலயே சாஞ்சாங்க. வழுக்கிக்கிட்டு வந்து பாறைக்குப் பின்னால அசையாத தண்ணியில நின்னுச்சு படகு. நான் கயித்தை வீசவே இல்லை."

"அந்த நீளப் படகா இருந்திருந்தா?"

"அது நேராத்தான் ஓடும், சட்டுனு திரும்பாது. அடி வளைஞ்சிருக்கிறதால இது முன்னாலிருந்து ஒத்த ஆளுக்கே திரும்பும். நீளப் படகுன்னா பாறையில மடங்கியிருக்கும். அவரை இன்னும் தேடிக்கிட்டு இருப்போம்."

"இதைக் காலையிலயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"அவங்க வேண்டாம்னாங்க. அந்தத் திட்டு யாருக்கும் தெரிய வேணாம்னாங்க சார்."

பெரியவருக்குக் கயிற்றின் மேல் கோபம் வந்தது. ரேடியோ மேல் வந்தது. போன் கண்டுபிடித்தவன் மேலும் வந்தது. எல்லாம் வந்து முடிந்தபின் மிச்சம் இருந்தது ஒரே ஆள், அவரேதான்.

சமையலறையில் தம்பி மனைவி ஏற்கெனவே கழுவிய தம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"இவ்வளவு பேர் இவ்வளவு பேசறாங்க. நீ ஏம்மா வாயைத் திறக்கலை?"

"நான் நேத்தே நிறையப் பேசிட்டேன் மாமா." தம்ளரைக் கவிழ்த்தாள். "பதில் சொல்லலையேன்னு எரிச்சலா வந்துச்சு. கரையில இறங்கித் திரும்பற வரைக்கும்..."

குழாயை மூடினாள். அவர் நின்றார். கேட்க வந்த மன்னிப்பு அவருக்குப் பழக்கமில்லாததால் வரவில்லை. தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தார்.

கூடத்தின் நடுவில், பெட்டியின் கால்மாட்டில், பள்ளிக்கூடத்தில் நிற்பதைப் போல நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து போன்ல நான் சொன்னது தப்பு."

ரேடியோ வாயைத் திறந்தாள்.

"நீ அப்புறம் பேசலாம். நான் அங்க இல்லை, விசாரிக்கவும் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் நெஞ்சு நின்னு போனது பாறைக்கு மேல. அதுக்கப்புறம் அந்தப் படகை ஒத்தையாக் கரை சேர்த்தது அவன் பொண்டாட்டி. அவனை அவன் வீட்டுக்குக் கொண்டு வந்தவ அவ. படகும் அவ எடுத்ததுதான், சரியாத்தான் எடுத்தா."

திட்டிய விஷயத்தை அவர் சொல்லவில்லை. அது அவர் வரைக்கும் வந்து நின்றது.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பல் டாக்டர் தரையைப் பார்த்தார். மகள் எழுந்தாள். பெட்டியைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். உள்ளே தாயும் மகளுமாகத் தம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. ஓட்டுநர் ஒரு படிவத்தோடு வாசலில் நின்று பேனாவை உதறினார். "படகு கவிழ்ந்து மூழ்கினவர்தானே சார்? தெருமுனையில சொன்னாங்க."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பிரித்து நீட்டினார்.

"மாரடைப்பு. படகு கவிழலை."