தள்ளுபடிப் பட்டியல்

விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்த 2008-ஆம் வருஷம், அடுத்தது படிப்புக் கடன்தான் என்று காஞ்சிபுரம் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. யார் கிளப்பிவிட்டார்களோ, குப்புசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கடன் வாங்கிப் படித்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு மனுவில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். படித்த பிள்ளை ஒரு கையெழுத்து, ஜாமீன் நின்ற தகப்பன் ஒரு கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தன் பழைய சிநேகிதர் வீராசாமியின் வீட்டுப் படியேறியதும், மகள் கலையரசி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

"நீயும் போட்டா முடிஞ்சுதுபா. நாப்பத்தி மூணு பேரு சேந்துட்டாங்க" என்று குப்புசாமி பேனாவை நீட்டினார்.

வீராசாமி வாங்கவில்லை. மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"முசரவாக்கத்துல ஒரு பையன் படிச்சிட்டு வேலை கெடைக்காம சுத்திக்கினு இருக்கிறானே, அவனுக்குத் தள்ளுபடி பண்ணட்டும். அது நியாயம். என் பொண்ணு சம்பாதிக்குது. எங்களுக்கு வாணாம்."

"கம்பம் ஏறி ஏறி நீயே கம்பமா ஆயிட்டய்யா. கொஞ்சம் வளைஞ்சா இன்னா?"

 2003-இல், ஆடி மாதத்து வெயிலில், கலையரசியின் படிப்புக் கடனுக்காக வங்கிக்குள் போன நாள் வீராசாமியின் கண்முன் வந்து நின்றது. அதற்கு முன்பும் எத்தனையோ முறை போயிருக்கிறார், கரண்டு போனால் பின்கட்டு மீட்டரைப் பார்க்க. அன்றுதான் முன்வாசல் வழியாக, சட்டையை இஸ்திரி போட்டு, மகளுடன் போனார். மேலாளர் வேணுகோபால் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க சார்" என்றார். நிலப்பத்திரம் எதுவும் கிடையாதே என்று வீராசாமி தயங்கியபோது, "பத்திரம் எதுக்கு? உங்க கையெழுத்து போதும்" என்றார். ஐந்து இடத்தில் போட்ட கையெழுத்து. ஒவ்வொன்றையும் அவசரப்படாமல் போட்டார். திரும்பும்போது அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி, வரதராஜர் கோயில் மதிலோரம் மகளும் அவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். வீடு வருவதற்குள் ஜாங்கிரியில் பாதி தீர்ந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் பிறகு வரவில்லை.

"எங்கப்பனுக்கும் ஒரு தபா கடன் தள்ளுபடி ஆச்சு, தெரியுமா?" என்றார் வீராசாமி. "எங்க தாமல் ஊர்ல, பண்ணையாரு வூட்டுக் கல்யாணத்துல, பந்தல்ல அத்தினி பேரு முன்னால பண்ணையாரு எங்கப்பனோட கடன் பத்திரத்தக் கிழிச்சுப் போட்டாரு. ஊரே கை தட்டுச்சு. அதுலேர்ந்து வருசா வருசம் பொங்கலுக்கு, எங்கப்பன் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கினு போய் அவுரு வூட்டுத் தோட்டத்து வாசல்ல நிப்பாரு. 'நான் பத்திரம் கிழிச்ச ஆளு இவன்தான்'னு வர்றவங்க கிட்ட காட்டுவாரு பண்ணையாரு. எங்கப்பன் சிரிப்பாரு. கடன் இருந்தப்போ எங்கப்பன் அப்படிக் குழைஞ்சு சிரிச்சதில்ல."

கலையரசி தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"தாத்தாவுக்கு எதிர்ல ஒரு ஆளு இருந்தாரு நைனா. நான் யாரு வாசல்ல போய் நிக்கப்போறேன்? நாப்பத்தி நாலாவதா ஒரு பேரு, அவ்ளோதான். பொழுது விடியறதுக்கு முன்ன கம்பெனி பஸ் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் தூங்கிக்கினே போறேன். பாதி சம்பளம் பேங்குக்குப் போவுது. கடன் இல்லன்னா வேலைய வுட்டுட்டு கவர்மெண்டு பரீட்சைக்குப் படிப்பேன். மானம் உன்னுது. தவணை நான் கட்டிக்கினு இருக்கேன்."

"கொயந்த கேக்குதில்ல, பதில் சொல்லுய்யா" என்றாள் அவர் மனைவி பட்டம்மாள் அடுப்படியிலிருந்து.

வீராசாமி மகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். இத்தனை நாள் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"குப்புசாமி, அந்தப் பேர அடிச்சுடு" என்றார். "கலை, நீ இந்த மாசத்தோட வேலையிலேர்ந்து நின்னுக்கோ. இனிமே தவணை என்னுது."

"பென்ஷன் பணத்துலயா? அப்போ அரிசி யாரு வாங்கறது?" என்றாள் பட்டம்மாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கல்யாண மண்டபம் வைத்திருந்த பராங்குசம் பழக்கமானவர்தான். ஜெனரேட்டரையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா என்று அவரிடம் போய்க் கேட்டார் வீராசாமி.

"ஆள் வேணும்தான். உங்களால இந்த வயசுல ஏணி ஏற முடியுமா?" என்று பராங்குசம் தயங்கினார்.

"முடியும்" என்றார் வீராசாமி.

கலையரசி நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், மண்டபத்து முகப்பில் அவர் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பரீட்சை விண்ணப்பத்தோடு கீழே வந்து நின்றாள்.

"நைனா, இதுல அப்பா தொழில் இன்னான்னு கேக்குது. ரிடையர்டுன்னு போடட்டா?"

"ஒயர்மேன்னு போடு" என்றார் அவர், ஏணியிலிருந்து இறங்காமலே.