கொண்டைக்காரியின் இருபத்தேழு வலிப்புகள்

குருவய்யா வீட்டில் இரும்பு தீர்ந்துபோய்விட்டது.

கோழிக்கு வலிப்பு வரும்போதெல்லாம் காலடியில் ஓர் இரும்பை வைக்க வேண்டும். வைத்தால் வலிப்பு நிற்கும். நின்றதும் அந்த இரும்பு வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி குழைந்துவிடும். அப்புறம் அது எதற்கும் ஆகாது. முதலில் பெட்டிச் சாவி போனது. பிறகு அரிவாள்மணை, தோசைக்கல், மண்வெட்டி. ஜன்னல் கம்பிகள் ஒரே வாரத்தில் போயின. சைக்கிள் மட்டும் இரண்டு வலிப்புக்குத் தாங்கியது. அந்தக் காலத்துச் சைக்கிள்.

கோழியின் பெயர் கொண்டைக்காரி. தலையில் பந்து மாதிரி மயிர். மூன்று வயது. வலிப்பு வருமுன் இடது கண்ணால் வானத்தைப் பார்க்கும். இடப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றும். கழுத்து முறுக்கிக்கொண்டு முதுகோடு போய் ஒட்டும். பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறும். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறை வந்தது. இப்போது நாளுக்கு இரண்டு.

குருவய்யாவுக்கு உலகத்தில் ஒருவர் மேலும் நம்பிக்கை கிடையாது. தராசை நம்பமாட்டார். ரேடியோவில் மணி சொன்னால் வெளியே வந்து சூரியனைப் பார்ப்பார். கொண்டைக்காரியை நம்புவார். அது முட்டை போட்ட பிறகுதான் கத்தும். போடுமுன் கத்தாது. மனிதர்களில் அப்படி ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

"ஒரு கோழிக்கு ஒரு வீட்டையே தின்னக் குடுத்தாச்சு" என்றாள் அவர் மனைவி சீனியம்மா. "தோசை தின்னு பதினோரு நாளாச்சு. பேசாம கொழம்பு வச்சிருக்கலாம்."

"எதைக்கொண்டு அறுப்ப?"

சீனியம்மா யோசித்தாள். வீட்டில் அறுக்கிற சாமான் ஒன்றும் இல்லை.

"அப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"ஆஸ்பத்திரிக்காரன் என்னத்தக் கிழிப்பான்?"

"உங்களவிட மோசமா என்ன பண்ணிரப் போறான்?"

அது நியாயமாக இருந்தது. கோழியைப் பையில் வைத்து, தலை வெளியே தெரியும்படி பையின் வாயைக் கட்டினார். போகுமுன் கொல்லையில் புதைத்து வைத்திருந்த மாட்டு லாடத்தை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். சீனியம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வீட்டின் கடைசி இரும்பு அது.

பஸ்ஸில் கொண்டைக்காரி இடது கண்ணால் கூரையைப் பார்த்தது. பைக்குள் சுற்ற இடமில்லை. அதனால் பஸ் ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றியது. கழுத்து முறுக்கிக்கொண்டது.

"வலிப்புய்யா! இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க!" என்று ஆட்கள் கத்தினார்கள்.

குருவய்யா மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பஸ் சும்மா இருக்கும்போது சொந்த இரும்பை எதற்குச் செலவழிப்பது? கோழியை எடுத்து அதன் காலை பஸ்ஸின் தரையில் வைத்தார். வலிப்பு நின்றது. பஸ் குழைந்தது.

ஆட்கள் போர்வையை விலக்கிக்கொண்டு எழுவதுபோல வெளியே வந்தார்கள். டிரைவர் இரண்டு முனையைப் பிடித்தார். கண்டக்டர் இரண்டு முனையைப் பிடித்தார். நான்காக மடித்தார்கள். கண்டக்டர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குருவய்யாவிடம் வந்தார்.

"ஏ பெருசு, இது என்ன உம்ம வீட்டுத் தோசைக்கல்லா?"

"தோசைக்கல்லு போயி பதினோரு நாளாச்சு."

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கு."

"நடந்துக்கிடுதேன்."

"டிக்கெட்டக் குடுத்துட்டுப் போரும்."

"ஏன்?"

"பஸ் இல்லாம டிக்கெட் வச்சிருந்தா செக்கிங்ல பிடிப்பாங்க."

அதில் ஏதோ சூது இருக்கிறது என்று குருவய்யாவுக்குத் தோன்றியது. டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் நீளமான நடை இருந்தது. நடை முழுக்க பெஞ்சு. முதல் பெஞ்சில் ஓர் அம்மாள் வெள்ளாட்டோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த பெஞ்சுகளில் இருந்தவர்களிடம் ஆடோ மாடோ எதுவும் இல்லை. வெறும் ஆட்கள். எல்லோரும் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார் குருவய்யா.

நடை ஒரு பெஞ்சு அளவுக்கு நீண்டது.

"ஐயோ, கேக்காதீங்க" என்றாள் ஆட்டுக்கார அம்மாள். "கேட்டா நீளும்."

"சும்மா சொல்லாத. எவ்வளவு நேரமாகும்?"

இன்னொரு பெஞ்சு வந்தது. கிளார்க்கின் மேசை பத்தடி தள்ளிப் போனது.

"நேத்து ஒருத்தர் நாலு தடவை கேட்டாரு" என்றாள் அந்த அம்மாள். "அவரு எருமை அந்தக் கடைசியில நிக்கி. இங்க வாரதுக்குள்ள கன்னு போட்டுரும்."

குருவய்யா அப்புறம் கேட்கவில்லை. நம்பவும் இல்லை. மேசைக்கு நடந்தார்.

"பேரு?" என்றார் கிளார்க்.

"எதுக்கு?"

கிளார்க் எழுதிக்கொண்டார். "கோழிக்கு என்ன?"

"தலையில கோளாறு. வலிப்பு."

கிளார்க் பதிவேட்டைப் புரட்டினார். "கோழிக்கு மூணு வியாதிதான் இருக்கு. கழிச்சல், அம்மை, சளி. தலைக் கோளாறு கிடையாது."

"ஏன் கிடையாது?"

"பதிவேட்டுப்படி கோழிக்குத் தலை கிடையாது."

"பின்ன இது என்னவாம்?"

"அது உங்க சொந்த ஏற்பாடு."

"நீயே பாரேன்யா, கண்ணு இருக்குல்ல?"

"நான் பதிவேடு பாக்குற ஆளு. கோழி பாக்குற ஆளு இல்ல. தலையப் பாத்ததா ஒரு சாட்சி வேணும். உங்க வீட்டு ஆளா இருக்கக் கூடாது."

ஆட்டுக்கார அம்மாள் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். கொண்டைக்காரியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நான் பாத்தேன். தலைதான். லட்சணமான தலை. எங்க மதினிக்குக்கூட இப்படி முடி கிடையாது."

கிளார்க் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மதினியையும் எழுதிக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எதுக்கு! எதுக்கு யாருங்க? உள்ள வாங்க."

குருவய்யா உள்ளே போனார்.

டாக்டர் ஒரு பெண். சிறு வயசு. மேசைமேல் ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. கோழியின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். கொண்டை மயிரை விலக்கி மண்டையைத் தடவிப் பார்த்தார்.

"கொண்டைக்கோழிக்கு மண்டையோடு இங்க மெலிசா இருக்கும். எங்கயாவது முட்டிச்சா?"

"தெரியாது."

"என்ன தீனி?"

"குருணை."

"வெறும் குருணையா? கீரை, பூச்சி?"

"வெளிய விடுறதில்ல. பக்கத்து வீட்டுக்காரன நம்ப முடியாது."

டாக்டர் அவரைப் பார்த்தார். "வலிப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இரும்பு வைப்பேன். நின்னுரும்."

"எத்தனைய நிறுத்தியிருக்கீங்க?"

"வீட்டுல இருபத்தாறு. பஸ்ஸில ஒண்ணு."

"இருபத்தேழும் வெளியில உக்காந்திருக்கு" என்றார் டாக்டர். "பாத்திருப்பீங்களே. பாதியில நிறுத்தினா எங்க போகும்? முடியாதது திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். ஒவ்வொண்ணா உள்ள விட்டு முடிச்சிருவோம். நீங்க கோழியைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கோங்க. இறுக்காதீங்க. வேற ஒண்ணும் பண்ணக் கூடாது."

"ஒண்ணும் பண்ணாததுக்கா டாக்டருக்குப் படிச்ச?"

"அஞ்சு வருசம் படிச்சேன். இடுப்புல என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"இரும்பு வாசனை வருது ஐயா."

குருவய்யா மடியை அவிழ்த்தார். லாடத்தை மேசைமேல் வைத்தார். கையை எடுக்கச் சற்று நேரமானது. டாக்டர் அதை இழுப்பறையில் போட்டு மூடினார்.

முதலில் ஒல்லியான ஓர் ஆள் வந்தான். சட்டைக் காலரை மூடிப் பித்தான் போட்டிருந்தான்.

"நான் சாவிக்கு நின்னவன்" என்றான்.

கொண்டைக்காரி உதறியது. குருவய்யாவின் கை இடுப்புக்குப் போனது. அங்கே லாடம் இல்லை. கையைக் கோழிமேல் வைத்தார். பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. அந்த ஆள் காலர் பித்தானைக் கழற்றிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான். நிம்மதியாகப் போனான்.

அடுத்து அரிவாள்மணைக்கு நின்றவள். அடுத்து தோசைக்கல்லுக்கு நின்றவர். ஜன்னல் கம்பிகள் அண்ணன் தம்பிகளாக வந்தார்கள். வரிசை தப்பாமல் ஒவ்வொருவராக வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. பஸ்ஸுக்கு நின்ற ஆள் மட்டும் வாட்டசாட்டமாக இருந்தான். கடைசியாக வந்த அவனால் நிலைவாசலில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைய முடிந்தது.

அவன் வந்ததும் கொண்டைக்காரியின் கழுத்து முழுச் சுற்று முறுக்கிக்கொண்டது. கண் மேலே செருகியது. எண்ண எண்ண வலிப்பு முடியவில்லை. முப்பது, நாற்பது. கால் உதறுவதும் நின்றுபோனது. துண்டுக்குள் கனம் மட்டும் இருந்தது.

"அந்த லாடத்தக் குடும்மா."

"வேண்டாம்."

"செத்துரும்."

டாக்டர் இழுப்பறையைத் திறக்கவில்லை.

"சாகாதா? சொல்லு. சாகாதுன்னு சொல்லு."

"தெரியாது" என்றார் டாக்டர். அவருடைய கையும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "தெரியாது ஐயா. நிறுத்தினா இவன் நாளைக்கும் வருவான். விட்டா முடிஞ்சிரும்னு நினைக்கேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

குருவய்யா வாழ்நாளில் எத்தனையோ மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் தெரியாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்தார். இழுப்பறையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கோழியைப் பார்த்தார்.

நூற்றுப் பதினேழில் முடிந்தது. வாட்டசாட்டமான ஆள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சிரமம் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். துண்டுக்குள் ஓர் அசைவு. கழுத்து மெதுவாக நேரானது. கொண்டைக்காரி டாக்டரின் பேனாவைப் பார்த்தது. கொத்தியது. குறி தப்பவில்லை.

டாக்டர் ஒரு குப்பியில் சொட்டு மருந்து கொடுத்தார். சத்து மருந்து, காலையில் மூன்று சொட்டு. முருங்கைக்கீரை பொடியாக அரிந்து போடச் சொன்னார்.

"இனிமே வராதுல்ல?"

"வரும். குறையும். வந்தா வந்துட்டுப் போகட்டும்."

லாடத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. டாக்டரும் கொடுக்கவில்லை.

வெளியே நடை குட்டையாக இருந்தது. நான்கு எட்டில் தெருவுக்கு வந்துவிட்டார். பையை உதறி மடித்துத் தோளில் போட்டார். கொண்டைக்காரி முன்னால் நடந்தது. அவர் பின்னால் நடந்தார். பைபாஸ் ரோட்டின் நடுவில் அது நின்றது. இடது கண்ணால் வானத்தைப் பார்த்தது. மூன்று சுற்றுச் சுற்றியது. சாய்ந்தது.

கம்பி ஏற்றிய லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார்.

"பெருசு, வலிப்பா? இந்தாங்க கம்பி. பன்னிரண்டு டன் இருக்கு, எவ்வளவு வேணும்?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். ஒருவர் ஸ்பேனரை நீட்டினார். சலூன்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். பாதி முடி வெட்டிய ஆளும் கூடவே வந்தார்.

குருவய்யா ரோட்டில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த பையைக் கோழிமேல் வெயில் படாமல் பிடித்தார். இன்னொரு கையை அதன்மேல் வைத்தார்.

"வேண்டாம்" என்றார்.

"என்ன பெருசு, பிடிவாதம் பிடிக்கீரு? இரும்பு குடுக்கலேன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது. எல்லாரும் உக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பைபாஸில் ஒரு சத்தம் இல்லை. குருவய்யா எண்ணவில்லை.

கொண்டைக்காரி எழுந்தது. இரண்டு தரம் தலையைச் சிலுப்பியது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு ரோட்டோரத்துப் புழுதிக்குப் போய் காலால் பறித்துக் குழி செய்து, அதில் படுத்து, இறக்கையால் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது.

"கிளம்பலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் டிரைவர்.

"குளிச்சிட்டு வரட்டும்" என்றார் குருவய்யா.

பின்னால் எண்பது வண்டிகள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.