பூசையில் வைத்த குறடு

எனக்கு வாய் நீளம் என்று நாமக்கல்லில் எல்லோருக்கும் தெரியும். சேலம் ரோட்டில் கார் பட்டறை வைத்து ஆறு வருசம் அந்த வாயால்தான் பிழைத்தேன். 1938இல் ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள், பேச வேண்டிய இடத்தில் அது அரை மணி நேரம் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

காளியண்ணன் வீட்டுக் கார் பத்து வருசப் பழசு. முன்கண்ணாடியில் மழைத்தண்ணீரைத் துடைக்கிற வைப்பர் இரண்டு. இடதுபக்கத்து வைப்பரை ஒரு சின்ன மோட்டார் ஆட்டும். அதிலிருந்து குறுக்கே போகிற கம்பிதான் டிரைவர் பக்கத்து வைப்பரை இழுத்து ஆட்ட வேண்டும். கம்பியைக் கோர்த்திருந்த ஆணி தேய்ந்து விழுந்துவிட்டது. பூசைக்கு முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து பித்தளையை அரத்தால் ராவிப் புது ஆணி செய்தேன். முடித்ததும் எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சுத்தி, குறடு, ஸ்பேனரோடு அந்த ஆணியையும் தட்டில் வைத்துச் சந்தனம் தடவிப் பூப்போட்டுவிட்டேன்.

பூசையில் வைத்ததை அடுத்த நாள் காலை வரை தொடக் கூடாது. பூசையன்றைக்கு மத்தியானமே தீர்த்தகிரி காரோடு வந்து நின்றார். காளியண்ணனின் டிரைவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"மேஸ்திரி, எங்க எசமான் ஊட்டம்மாவோட அப்பாவுக்கு ராசிபுரத்துல ஒடம்பு முடியலையாமுங்க. இப்பவே போவோணும். வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. அந்த ஆணியை மட்டும் போட்டுக் குடுத்துருங்க சாமி."

அப்போதுதான் வடை பாயசத்தோடு சாப்பிட்டுச் சாய்ந்திருந்தேன். எழுந்து வேலை செய்ய மனமில்லை. உண்மை அவ்வளவுதான். வாய் வேறு சொன்னது.

"பூசையில இருக்கற சாமானைத் தொடச் சொல்றீங்களே தீர்த்தகிரியண்ணா, நல்லா இருக்குதுங்களா?"

மனுசன் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பெரிய மனசு பண்ணுகிறவன் போல எழுந்துபோய், ஆணி இருக்க வேண்டிய இடத்தில் சணலைச் சுற்றிக் கட்டினேன். "எறநூறு மைலு தாங்கும், போங்க" என்றேன். பூசை நாளில் என்னைக் கைவைக்க வைத்துவிட்டோமே என்று சங்கடப்பட்டுக்கொண்டே போனார்.

அவர் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெற்றிலை போட உட்கார்ந்தேன். கொட்டைப்பாக்கு கல்லாக இருந்தது. தட்டிலிருந்து குறடை எடுத்து, சந்தனத்தை வேட்டியில் துடைத்து, பாக்கை உடைத்து, குறடைத் திரும்பப் பூவுக்குள் செருகினேன். சாமி ஞாபகமே வரவில்லை. பித்தளை ஆணி பக்கத்திலேயே கிடந்தது.

புதுச்சத்திரம் தாண்டியதும் மழை கொட்டியிருக்கிறது. நனைந்த சணல் அவிழ்ந்து டிரைவர் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. எதிரே வந்த மாட்டுவண்டி கிட்டே வரும்வரை தெரியவில்லை. தீர்த்தகிரி ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியதில் கார் பள்ளத்தில் இறங்கியது. காளியண்ணன் சம்சாரம் சென்னியம்மாளுக்கு நெற்றியில் நாலு தையல்.

மூன்றாம் நாள் காரைப் பார்க்கச் சொல்லி ஆள் வந்தது. போனால் வாசலில் தீர்த்தகிரி துணிமூட்டையோடு நிற்கிறார்.

"இவனைச் சோலியை விட்டுப் போவச் சொல்லிட்டேன்" என்றார் காளியண்ணன். "ஏப்பா சின்னுசாமி, வைப்பரை நீ சரியாப் போட்டியா? உன் வேலைல கொறைன்னா இப்பவே சொல்லு."

நான் வாயெடுப்பதற்குள் தீர்த்தகிரி முந்திக்கொண்டார். "மேஸ்திரி மேல குத்தமில்லீங்க எசமான். சாமான் பூசைல இருக்குது, தொடக் கூடாதுன்னு அவரு சொன்னாருங்க. நாந்தான் கெஞ்சிப் பூசை நாளும் அதுவுமா வேலைல கைய வெக்க வெச்சேன். சாமிக்குப் பொறுக்கலீங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அச்சு வளைந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று காருக்கு அடியில் புகுந்துகொண்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கிருந்து தீர்த்தகிரியின் கால் மட்டும் தெரிந்தது. போகச் சொன்ன பிறகும் நான் வெளியே வரட்டும் என்று அது அங்கேயே நின்றது. மூன்று பெண்களைப் பெற்றவர், இந்தச் சம்பளம் தவிர வேறு போக்கில்லை. எல்லாம் தெரிந்தும் படுத்தே கிடந்தேன்.

கடைசியில் வெளியே வந்தேன். அவர் மூட்டையைக் கீழே வைத்தார். "என்னால உங்க தொழிலுக்கே கெட்ட பேரு வந்துரப் பாத்துச்சு. மனசுல வெச்சுக்காதீங்க சாமி" என்று என் காலைத் தொடக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்று பின்னால் நகர்ந்தேன். பிறகு காளியண்ணனிடம் சொன்னேன், சணல் கட்டியதை, புது ஆணி தட்டிலேயே இருந்ததை. "பூசைன்னதெல்லாம் சாக்குங்க. அவரு போனதும் நானே தட்டுல இருந்து குறடை எடுத்தேனுங்க."

"எதுக்கு எடுத்தே?"

அதை மட்டும் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"பாக்கு ஒடைக்கங்க."

காளியண்ணன் மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைக்கும்படி தீர்த்தகிரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். தீர்த்தகிரி நாலு வார்த்தை திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு நாளாப் பட்டினி கெடந்து சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேனுங்க" என்றார். "பாக்கு ஒடைக்கவா?"

ஆமாம் என்றேன்.

பையிலிருந்து பித்தளை ஆணியை எடுத்தேன். கம்பியை அவர்தான் பிடித்துக்கொடுத்தார். ஆணியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் பார்க்க அதை வேட்டியில் துடைக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே செருகினேன்.