முழங்கை உயரத்தில் மூன்று பானைகள்

எங்கள் ஊரான மேனிடவாக்கில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்டு எடுத்துக்கொண்டு வரும். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். கழுவித் திருப்பித் தர வேண்டும் என்று அர்த்தம். என் கணவர் நார்பர்ட் பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரல் வந்து பனியெல்லாம் கரைந்துவிட்டது, நான் ஒரு பாத்திரத்தையும் திருப்பித் தரவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் அப்படியே அடுக்கிக் கிடந்தன.

துக்கம் என்று சொல்லமாட்டேன். துக்கம் வந்திருந்தால் அழுது தொலைத்திருப்பேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. என்னிடம் யார் எது கேட்டாலும் சரி என்றேன். அப்படித்தான் டுவேன் போனில் கேட்டபோதும் சரி என்றேன்.

டுவேன் எங்கள் ஊர் பீர் கிளப்பின் தலைவர். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் கூட்டம் அது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவருடைய சாமான்களைக் கிளப் எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும். விதவைகளுக்கு வேண்டியதெல்லாம் கார் நிறுத்த இடம்தான் என்பது அவர்கள் எண்ணம். நார்பர்ட் கராஜில் பாதி கட்டி விட்டுப்போனதை எடுக்க டுவேனும் கிளப்பின் இன்னொரு உறுப்பினர் ரோலியும் சனிக்கிழமை காலையில் வேனோடு வந்தார்கள்.

இருபது வருடம் நாங்கள் சமையலறையில் டின்னில் வரும் பார்லிப் பாகைக் கரைத்துத்தான் பீர் காய்ச்சினோம். அவர் தூக்குவார், நான் துழாவுவேன், ருசியும் நான்தான் பார்ப்பேன். "இதுல டின் வாசனை அடிக்குது, தானியத்தை நாமளே ஊறவெச்சுக் காய்ச்சணும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "அதுக்கு மூணு பானை வேணும், இடம் வேணும், உன் வாயை மூடக் கூடுதலா ஒரு மூடி வேணும்" என்பார். போன அக்டோபரில் திடீரென்று கராஜில் வெல்டிங் சத்தம் கேட்டது. ஓய்வு பெற்ற மனிதருக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டுவேன் தார்ப்பாயை விலக்கினார். பழைய எஃகு பீர்ப் பீப்பாய்கள் இரண்டு, தலை அறுத்து மெருகேற்றியவை. நடுவில் தானியம் ஊறுவதற்கு எங்கள் மீன்பிடி ஐஸ் பெட்டி. மூன்றும் ஒரே இரும்புச் சட்டத்தின்மேல் ஒரே மட்டத்தில் இருந்தன.

"என்னடா இது, கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டுற தொட்டி கணக்கா இவ்ளோ தாழ்வா இருக்கு" என்றார் டுவேன். "படிப்படியா மேலேருந்து கீழதானே வரணும்? ஒரே மட்டத்துல வெச்சா தண்ணி எப்படி இறங்கும்?"

"பம்ப் வெச்சா ஏறும்" என்றார் ரோலி. அவர் குழாய் வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார். சட்டத்துக்கு அடியில் கைவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே புதிய பம்ப்.

டுவேன் சிரித்துவிட்டார். காரணம் உண்டு. கிளப்பில் பம்ப் வைத்தவனை நார்பர்ட் மனிதனாகவே மதித்ததில்லை. தண்ணீர் தானாகக் கீழே இறங்கும்போது காசு கொடுத்து ஏற்றுகிறவன் சோம்பேறி என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போடுவார்.

"பாவம், கடைசியில மூளையும் குழம்பிடுச்சு போல" என்றார் டுவேன். "ஆறரை அடி ஆளு, குனிஞ்சே இடுப்பு போயிருக்கும்."

"அவருக்கு மூளை கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"தப்பா எடுத்துக்காத, லெனோரா."

ரோலி வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "திருகுற வால்வு ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துக்கும் நீளமாக் கைப்பிடி வெச்சிருக்கான். விரலே வேணாம், உள்ளங்கையால தள்ளினாப் போதும்." அப்புறம் என் கையைப் பார்த்தார். என் விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போனவை, ஜாம் பாட்டில் திறக்கக்கூட ஆள் வேண்டும். அவர் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

நான் கராஜ் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு பென்சில் கோடு இருந்தது. அக்டோபரில் ஒருநாள் நார்பர்ட் என்னைக் கூப்பிட்டு அங்கே நிற்கச் சொன்னார். துழாவும் மரத்துடுப்பைக் கையில் கொடுத்து, "சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார். என் முழங்கைக்கு நேராகக் கோடு போட்டார். எதற்கு என்றேன். "அலமாரி அடிக்கணும், உனக்கு எட்டணும்ல" என்றார். அந்தச் சுவரில் எந்த அலமாரியும் வரவில்லை.

துடுப்பு ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு போய் ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்றேன். அதன் விளிம்பு சரியாக என் முழங்கைக்கு வந்தது. துடுப்பை உள்ளே விட்டுச் சுற்றினேன். தோளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பானையையும் தூக்க வேண்டியிருக்காது.

அவருடைய நோய் எங்களுக்குத் தெரிந்தது டிசம்பரில் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் சேர்ந்துதான் டாக்டரிடம் போனோம், நார்பர்ட் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல்முறை கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டார். செப்டம்பரில் தனியாகப் போய் உடம்பைக் காட்டிவிட்டு வந்து, "எஞ்சின் நல்லா ஓடுது" என்று சொன்னவர் அவர். அப்போதே தெரிந்திருக்கிறது. இரும்பிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

சட்டத்தை ஓங்கி உதைத்தேன். அசையவில்லை. கிரேன் கம்பெனியில் வாழ்க்கை முழுக்க வெல்டிங் செய்தவர் பற்றவைத்தது எப்படி அசையும். கட்டைவிரல் சுருக்கென்று வலித்தது. பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு ஏதாவது வலித்தது அப்போதுதான். இன்னொரு முறை உதைத்தேன்.

"லெனோரா, உக்காரு" என்றார் டுவேன். "நாங்க இதை எடுத்துட்டுப் போயிடறோம், கண்ணுல படாம இருக்கட்டும்."

"இது எங்கயும் போகாது."

"நீ ஒத்தையாளா இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"அதுக்குத்தான்டா கட்டியிருக்கான், பொய்க்காரன்" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது. "ஒத்தையாளா இருப்பேன்னு தெரிஞ்சுதான் கட்டியிருக்கான்."

டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ரோலி தரையில் மண்டியிட்டு, பம்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

"தோட்டத்துக் குழாயை இழுத்துட்டு வா, டுவேன்" என்றார். "ஒழுகுதான்னு பாத்துரலாம்."