ஆமையைத் தூக்கிப் போன அன்னைக்கு

எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறந்ததும் அழாம டாக்டர்கிட்ட ஏதோ கேள்வி கேட்டிருப்பேன்னு அண்ணன் சொல்வான். அதனாலதான் அன்னைக்குப் பட்டறையைத் திறக்கும்போதே அண்ணி கண்டிஷனா சொல்லிட்டாங்க: "இன்னைக்கு ஒரு வார்த்தை பேசினே, நாளையிலிருந்து இந்தப் பக்கமே வராதே. விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்கு இல்லைன்னு எனக்கும் தெரியும். போன தடவை ஒருத்தரோட மாமனார் படத்தைப் பார்த்து, "இவருக்கு என்ன, வயித்து வலியா?"ன்னு கேட்டுத் தொலைச்சேன். அவர் படத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டார். பழைய படங்களைக் கழுவி அழுக்கெடுக்கிற இந்த வேலைதான் எனக்கு உசிரு. வேற எதுக்கும் நான் லாயக்கும் இல்ல.

அன்னைக்கு வந்தவர் ரிட்டயர்டான நீதிபதி. கொண்டு வந்தது, செப்புத் தகட்டுல கீறி அச்சடிச்ச பழைய படம். ரெண்டு வாத்து ஒரு குச்சியை ஆளுக்கொரு நுனியா கவ்விக்கிட்டுப் பறக்குது. நடுவுல ஒரு ஆமை அதைக் கடிச்சுக்கிட்டுத் தொங்குது. வாயைத் திறந்தா ஆமை காலி. கதை ஊருக்கே தெரியும். படம்தான் சரியா தெரியல, அவ்வளவு கறை. முடியற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன்னு நீதிபதி ஒரே பிடிவாதம்.

தொட்டித் தண்ணியில மிதக்கவிட்டோம். கறை டீ நிறத்துல இறங்குச்சு. அடுத்ததுதான் ஆபத்து. நனைஞ்ச காகிதம் தன் கனத்துலயே கிழிஞ்சிடும். அதனால அடியில வலைத்துணி கொடுத்து, அண்ணி ஒரு முனை, நான் ஒரு முனைன்னு பிடிச்சு, அந்தக் கோடியில இருக்கிற பலகை வரைக்கும் நடக்கணும். கை ஆடக் கூடாது.

பாதி வழியில குனிஞ்சு பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. ஆமை முகம் பளிச்சுன்னு தெரியுது. தொங்குற கழுத்து, சரிஞ்ச இமை, 'உன் சாட்சியை நான் நம்பல'ங்கிற மாதிரி உதடு. அப்படியே நீதிபதி! மூக்குக்கண்ணாடி ஒண்ணுதான் பாக்கி.

வயித்துக்குள்ளேயிருந்து சிரிப்பு கிளம்பிடுச்சு. உதட்டைக் கடிச்சேன். துக்கமான விஷயமா யோசிச்சேன். ம்ஹூம். அண்ணி முறைச்சாங்க. நான் கண்ணாலயே கீழே காட்டினேன். ஆமையைப் பார்த்தாங்க. நீதிபதியைப் பார்த்தாங்க. மறுபடி ஆமை. ஐயோ, அவங்க மூக்கு விடைச்சதைப் பார்க்கணுமே!

"ஏம்மா ரெண்டு பேரும் நடுங்குறீங்க?"ன்னார் நீதிபதி, அதே இமையோட.

மூச்சை அடக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய, நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து போய்ப் படத்தைப் பலகையில இறக்கினோம். ஒரு கிழிசல் இல்ல. நான் வாயைத் திறக்கவே இல்ல, சத்தியமா.

அண்ணிதான் திறந்தாங்க. "ஐயா, இது நீங்களேதான்!"ன்னு கத்திட்டுத் தரையில உட்கார்ந்து சிரிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு.

நீதிபதி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். போச்சு, பட்டறையே போச்சுன்னு நினைச்சேன்.

"என் வீட்டுக்காரி வாங்கி மாட்டினது. தாண்டிப் போறப்பல்லாம் சிரிப்பா. ஏன்டி சிரிக்கிறேன்னு அவ கண்ணை மூடுற வரைக்கும் கேட்டேன். சொல்லவே இல்ல."

தோள் குலுங்குச்சு. அழறாரோன்னு பதறிப்போய் கிட்ட ஓடினேன். "அழுத்தக்காரி!"ன்னார். "அழுத்தக்காரி!" கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

மூச்சு வாங்கினதும் என்னைப் பார்த்தார். "வீட்டுல இன்னும் நிறைய படம் இருக்கு. அதையெல்லாம் பார்த்தும் சிரிச்சிருக்கா. நாளைக்கு எடுத்துட்டு வரேன். நீ இருப்பியாம்மா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். தரையில இருந்தபடியே, பேச முடியாம, தலையைத் தலையை ஆட்டினாங்க.