ஆறுமணிக் குருவிக்குப் போட்டோ இல்லை

எங்கள் மும்பைப் பறவைக் குழுவில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பார்த்ததை நாலு வார்த்தையில் எழுத முடியாதவன் எதற்குப் பறவை பார்க்கிறான் என்று எரிச்சல் வரும். முப்பத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்த்தவன் நான். காகிதம் இல்லாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

குழுவில் நூற்றிருபது பேர். மாட்டுங்கா, தாராவி, செம்பூர், அந்தப் பக்கம் வாஷி வரைக்கும் இருக்கிறார்கள். பங்குனி பிறந்தால் குளிருக்கு வந்த பறவைகள் கிளம்பத் தொடங்கும். தெற்கேயிருந்து வடக்கே போகிற சில, வழியில் இங்கே இறங்கும். ஐரோலியில் பூநாரை இன்னும் நிற்கிறதா, சோளக்குருவிகள் போய்விட்டனவா என்று தினமும் செய்தி வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முதலில் பார்த்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி, பார்த்தவர் பெயர் என்று பட்டியல் எழுதுவது என் வேலை. வழக்கமில்லாத தேதி என்றால் போட்டோ வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

போன வருஷம் ஏப்ரல் ஒன்பதாம் தேதி சாயங்காலம் இசக்கிதுரையிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தாராவியில் மன்சூர் அலியின் தோல்பைப் பட்டறையில் மெஷினில் தைக்கிறவர், திருநெல்வேலிப் பக்கம். பட்டறைக்குப் பின்னால், பாதாம் மரத்தடிக் குப்பையில், ஆறுமணிக் குருவி இறங்கியிருக்கிறதாம். எங்கள் பட்டியலில் அது மே மாதத்துக்கு முன்னால் வந்ததே கிடையாது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி யார் கேட்பது?

"மீன்கொத்திக்கும் நீல றெக்கைதான், துரை. போட்டோ இருந்தா போடுங்கோ. இல்லேன்னா நல்ல கண் டாக்டரைப் பாருங்கோ" என்று குழுவில் எழுதினேன். இருபத்துமூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. "சரி சார்" என்று மட்டும் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் அனுப்பவில்லை.

இந்த வருஷம் ஏப்ரல் பதினொன்றாம் தேதி செம்பூர் ஷ்ருதி ஒரு போட்டோ போட்டாள். அவர்கள் அடுக்குமாடி சொசைட்டித் தோட்டத்தில், சருகைக் கிளறிக்கொண்டு, அடிவயிறு சிவக்க, அதே குருவி. 'நம் பட்டியலிலேயே இதுதான் முதல் தேதி' என்று பாராட்டிவிட்டு அவள் பெயரை எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. இசக்கிதுரை சொன்ன தேதி அதற்கும் இரண்டு நாள் முந்தியது.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் மறுநாள் தாராவிக்குப் போனேன். பட்டறை வாசலில் விஷயத்தைச் சொன்னதும் மன்சூர் அலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துரை தவறிட்டாரே சார், தை மாசம். நெஞ்சு வலி. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்வார்கள்? எந்தக் குருவி எந்தத் தேதியில் போனது என்று கணக்காகச் சொல்லக்கூடிய நூற்றிருபது பேரில், இந்த மனுஷர் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. என்னைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

அடுத்த சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகும் அறை. அவர் மனைவி ஆறுமுகத்தாய் என் பெயரைச் சொன்னதுமே தெரிந்துகொண்டார்.

"வெங்கட்ராமன் சாரா? வாங்க. ஒங்களப் பத்திச் சொல்லாத நாளு கெடையாது" என்றவர், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். "நீங்க சொன்னியன்னு ஒருநாள் லீவு போட்டுட்டுக் கண்ணு டாக்டர்ட்டப் போனாவ. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. ஒங்களுக்கு அனுப்பணும்னாவ. அப்புறம், வேண்டாம், சார் கோவப்படுவாருன்னு வச்சிட்டாவ."

சீட்டில் தேதி ஏப்ரல் பன்னிரண்டு. நான் கேலியாகச் சொன்னதை அந்த மனுஷர் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ச் செய்திருக்கிறார்.

"அந்தக் குருவிய எழுதிட்டியளா சார்?"

"எழுதியாச்சும்மா" என்று பொய் சொன்னேன்.

"அவிய பேரு போட்டிருக்கா? காட்டுங்க. எனக்குப் பேரு மட்டும் வாசிக்கத் தெரியும்."

காட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? போனை எடுத்துத் தேடுவதுபோலப் பாசாங்கு செய்தேன். அப்புறம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "பொய் சொல்லிட்டேம்மா. எழுதலை. அவர் பேசினதை முழுசாக்கூட நான் கேட்கலை."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "இப்ப இருக்கா அது?" என்றார். "போடுங்க. அவிய கொரலக் கேட்டு மூணு மாசமாச்சு."

பழைய செய்திகளில் தேடி எடுத்துப் போட்டேன்.

"சார், வணக்கம். இசக்கிதுரை பேசுதேன். ஆறுமணிக் குருவி, நம்ம பட்டறைக்குப் பொறத்தால, பாதாம் மரத்துக்கு அடியில…" இதுவரைக்கும் நான் கேட்டதுதான். குரல் தொடர்ந்தது. "என் போன்ல போட்டோ வெளங்காது சார். ஆனா மணி ஆறு ஆவப் போவுது, சத்தம் குடுக்கும். நீங்க காதால கேட்டாலே கண்டுபிடிச்சிருவிய. நான் பேசாம நிக்கேன், கேளுங்க."

அப்புறம் பேச்சில்லை. தையல் மெஷின் ஓடியது, தூரத்தில் லோக்கல் ரயில் ஹாரன் அடித்தது, அவர் மூச்சு கேட்டது. ஆறுமுகத்தாய் அந்த மூச்சுக்காகப் போனருகே குனிந்தார். நான் வேறொன்றுக்காகக் குனிந்தேன். வந்தது. ஏறி இறங்கும் இரண்டு சீட்டி, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. எந்தப் போட்டோவும் அதைவிடத் தெளிவாக இருக்காது. ஒரு வருஷமாக அது என் போனில், சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

"கேட்டிச்சா சார்?" என்று ரகசியமாகக் கேட்டார் இசக்கிதுரை.

ஆறுமுகத்தாய் என் முகத்தையே பார்த்தார்.

"கேக்காவல்லா சார். சொல்லுங்க."

"கேட்டுது துரை, நன்னாக் கேட்டுது" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். அதற்குள் அது முடிந்திருந்தது.